பழமரமும் மறைந்த இரும்பும்

வீடு பிரித்தெடுத்த பழமரம் பல்லாண்டு காய்ந்து நின்றதாதலின், அது இனிச் சுருங்குவதும் கோணுவதும் சொற்பமே. செட்டிநாட்டு மாளிகைகளிலிருந்து கழிந்த பர்மாத் தேக்கின் தூண்களும் நிலைகளும் காரைக்குடிப் பழம்பொருட் கடைகளில் இன்றும் விலைபோவதைக் காணலாம். உத்திரமேரூர்ப் பக்கத்துக் காவாந்தண்டலம் போன்ற சிற்றூர்களிலும், ஓட்டுவீடு பிரிக்கப்பட்டால், அதன் உத்தரமும் கைமரமும் வேறொரு வீட்டுக்கு உதவும்.

ஆயினும் அம்மரத்துள் பழைய ஆணிகள் மறைந்து கிடத்தல் உண்டு. ஆணியின் தலை துருவேறி உதிர்ந்தபின் தண்டுமட்டும் உள்ளே நிற்கும். சுண்ணாம்பும் வர்ணமும் அதனை மூடிவிடும். இழைப்புளி அதன்மேற் பட்டால் வாய் முறியும். சுழல்வாள் பட்டாலோ, உடைந்த பல்லும் ஆணித்துண்டும் தெறித்துக் கண்ணைக் கெடுக்கும். உளி பழுதுபட்டால் தீட்டிக்கொள்ளலாம். கண் பழுதுபட்டால் என் செய்வது?

ஆகவே முதலில் மரத்தை நன்கு துடைத்து, வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்க. துவர்ப்புச் சத்துள்ள மரத்தில் இரும்பும் ஈரமும் கூடினால் கருங்கறை தோன்றும். அக்கறையே ஆணியின் அடையாளம். பழைய பொருத்துக்களையும் கீல் இருந்த இடங்களையும் சிறப்பாக நோக்குக. பின்பு வலிய காந்தமொன்றை மெல்ல நகர்த்தி, அது பற்றுமிடத்தில் சுண்ணக்கட்டியாற் குறியிடுக. காந்தம் ஆழப் புதைந்த இரும்பை அறியாது. பித்தளைத் திருகாணியையோ ஒருபோதும் அறியாது. அதற்கு உலோகங்காட்டும் மின்கருவி வேண்டும்.

தலையுள்ள ஆணியைக் குறட்டாற் பற்றி, அடியில் மரத்துண்டு வைத்து நெம்பி எடுக்கலாம். தலையற்றதைச் சுற்றிச் சிற்றுளியால் அகழ்ந்தோ, மறுபுறமாகத் தட்டியோ நீக்கலாம். எடுத்தபின் காந்தத்தை மீண்டும் ஓட்டுக. கண்ணாடி அணியாமல் வாளைத் தொடலாகாது. ஆணிகளைத் தகரப்பெட்டியில் இடுக. மண்பட்ட ஆணி காலில் தைத்தால் காயத்தைக் கழுவி, தாமதியாது வைத்தியரிடம் சென்று தசைவிறைப்பு நோய்த் தடுப்பூசி குறித்துக் கேட்க.

பழைய வர்ணத்தில் ஈயம் இருத்தல் கூடும். நம் நாட்டில் வீட்டு வர்ணங்களில் ஈயம் 10 லட்சம் பங்கில் 90 பங்குக்கு மேற்படலாகாதென்ற விதி 2017 நவம்பர் முதலே நடைமுறைக்கு வந்தது. ஆதலின் அவ்வர்ணத்தை உலர இழைத்துத் தூளாக்காமலும், அச்சிராய்களை அடுப்பிலிடாமலும், நனைத்துச் சுரண்டுதல் நலம்.

தேடுதற்குச் செல்வது சிறிது பொழுதே. தேடாது விட்ட ஓர் ஆணி, தச்சனொருவனது பிழைப்பையே பறித்துவிடக்கூடும்.