இத்தா இருக்க எந்த வீடு?

பிச்சாவரத்து உப்பங்கழி ஓரமாய் உள்ள கிள்ளையில் இப்படி ஒரு குடும்பம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். கணவன் வளைகுடாவில் வேலை பார்க்கிறான். மனைவியும் பிள்ளைகளும் அவனுடைய காக்காவின் வீட்டுப் பின்கட்டில் பத்தாண்டுகளாக வாடகையின்றிக் குடியிருக்கின்றனர். ஒரு நாள் தலாக் ஆகிவிடுகிறது. மறுநாளே காக்கா வீட்டார், "வீடு எங்களுடையது. நீ உன் உம்மா வீட்டுக்குப் போய்விடு" என்கிறார்கள். பெண்ணின் வாப்பாவும் மானம் கருதி வண்டி பிடித்து வந்து அழைத்துப் போகிறார். ஊரார் இதையே முறை என்று எண்ணிவிடுகிறார்கள்.

இது முறையன்று. தலாக் சொல்லப்பட்ட பெண்களை அவர்களுடைய வீடுகளிலிருந்து வெளியேற்றக் கூடாது, அவர்களும் வெளியேறக் கூடாது என்று திருமறையின் 65-வது அத்தியாயம் முதல் வசனத்திலேயே அல்லாஹ் விதிக்கிறான். வெளிப்படையான மானக்கேடு ஒன்றே அங்கு விலக்கு. "அவர்களுடைய வீடுகள்" என்று அல்லாஹ் குறிப்பதைக் கவனியுங்கள். பத்திரம் அவள் பெயரில் இருக்கிறதா என்று கேட்கவில்லை. அவள் வாழ்ந்த வீடு அது, அவ்வளவே.

அப்படியானால் காக்காவின் உரிமை என்னாவது? இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் 'மின்ஹாஜ்' இதற்கு நேரான விடை தருகிறது. இரவல் வீடானாலும் அவள் இத்தாவை அங்கேயே கழிக்க வேண்டும். உடைமையாளர் வீட்டைத் திருப்பிக் கேட்டு, வாடகைக்கும் இசையாவிட்டால் மட்டுமே அவள் இடம் மாறுவாள். ஆகவே காக்கா மறுப்பது குற்றமல்ல. அவரிடம் வாடகை பேசாமலேயே அவளை அனுப்பிவிடுவதுதான் தவறு. உறைவிடம் தரும் கடமை கணவனுடையது. அண்ணன் வீடு தந்தார் என்பதால் அது அண்ணன் தலையில் ஏறிவிடாது. அண்ணன் மறுத்தார் என்பதால் கணவனை விட்டு இறங்கியும் விடாது. அவன் வேறு வீடு அமர்த்தித் தர வேண்டும்.

மாப்பிள்ளை பெண்வீட்டில் தங்கும் வழக்கமுள்ள கடற்கரை ஊர்களில் நிலைமை தலைகீழ். வீடு அவளுடையதானால் அவள் அங்கேயே இருந்து, அவனிடம் வாடகை கேட்கலாம் என்கிறது அதே நூல். எத்தனை பெண்களுக்கு இது தெரியும்?

இவ்வட்டாரத்தில் இரு மத்ஹபினரும் இருப்பதால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மீட்க முடியாத தலாக்கிலும் இத்தா முடியும்வரை உறைவிடம் உண்டு என்பதில் ஷாஃபிஈ, ஹனஃபீ இரு சாராரும் ஒன்றே. ஹனஃபீகள் அத்துடன் ஜீவனாம்சமும் தருகிறார்கள். ஷாஃபிஈகள் அதைக் கர்ப்பிணிக்கு மட்டும் தருகிறார்கள். ஃபாத்திமா பின்த் கைஸ் (ரலி) அவர்கள் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்களின் வீட்டில் இத்தா இருந்த ஹதீஸைச் சிலர் எதிராகக் காட்டுவர். அவர் இருந்த இடம் ஆளரவமற்றது என்று ஆயிஷா (ரலி) அவர்கள் காரணம் கூறினார்கள்; கணவன் வீட்டாரோடு ஏற்பட்ட பேச்சுச் சண்டையே காரணம் என்றாரும் உண்டு. உயிருக்கு அச்சம், வீடு இடியும் அபாயம், வெள்ளம், பொறுக்க முடியாத தொல்லை இருந்தால் இடம் மாறலாம் என்பது சட்டமே. ஐப்பசி, கார்த்திகையில் நம் பக்கத்தில் வெள்ளம் வெறும் ஏட்டுச் சொல்லல்ல.

நாட்டுச் சட்டத்திலும் இந்தக் கேள்வி எழுந்தது. மாமியார் பெயரிலுள்ள வீட்டில் மருமகளுக்குக் குடியிருப்பு உரிமையில்லை என்று 2006-ல் பத்ரா வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. 2020-ல், டில்லியில் மாமனார் வீட்டில் வாழ்ந்த மருமகளைப் பற்றிய சதீஷ் சந்தர் அஹூஜா வழக்கில் அதை மாற்றியது: கணவனின் உறவினர் வீடானாலும், அவள் குடித்தனம் நடத்திய வீடானால், 2005-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டப்படி முறையான நடவடிக்கையின்றி வெளியேற்ற முடியாது. அதே சமயம் அது நிரந்தர உரிமையல்ல. முதியோரின் நிம்மதியும் பார்க்கப்படும்.  தலாக் ஆனபின் 1986-ஆம் ஆண்டுச் சட்டமும் வருகிறது. அதன்படி இத்தாவுக்குப் பிந்திய வாழ்வுக்கும் சேர்த்து நியாயமான ஏற்பாட்டைக் கணவன் இத்தாக் காலத்துக்குள்ளேயே செய்துவிட வேண்டும், அதில் உறைவிடமும் அடங்கும் என்று 2001-ல் டேனியல் லத்தீஃபி வழக்கில் தீர்ப்பாயிற்று.

ஜமாஅத்தில் தலாக் பதிவாகும்போது மஹர் பாக்கியும் நகையும் கணக்காய் எழுதப்படுகின்றன. அதே தாளில் இன்னும் இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள்: அவள் எந்த வீட்டில் இத்தா இருப்பாள், அதற்கு வாடகை யார் தருவார். கையெழுத்து வாங்கிய பிறகு வண்டி பிடிக்கலாம்.