பழைய ட்ரெக்டரில் பவர் ஸ்டியரிங் ஒயில் ஒழுகினால்...

(தொழிலறிவுப் பாடம்)

“கொஞ்சம்தானே ஒழுகுது, ஊத்திக்கிட்டே ஓட்டலாம்.” தோட்டங்களில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. ஒரு பக்கம் மலை, மறு பக்கம் பள்ளம். பெட்டி நிறையக் கொழுந்து மூட்டை. பெக்டரிக்கு இறங்கும் வளைவில் ஒயில் தீர்ந்தால் ஸ்டியரிங் திடீரென்று கனக்கும். சில மாடல்களில் எவ்வளவு சுற்றினாலும் முன் சில்லு சரியாகத் திரும்பாது. ஆகவே ஒயில் ஊற்றுவது பழுது பார்ப்பது ஆகாது. ஒழுகும் இடத்தைக் கண்டுபிடிப்பதே முதல் வேலை.

எப்படி வேலை செய்கிறது?

மெஸி பேர்கசன் 135 ட்ரெக்டரை எல்லோருக்கும் தெரியும். 1964 முதல் 1975 வரை இங்கிலாந்தின் கொவென்ட்ரியில் செய்யப்பட்டது. எல்லா வண்டிக்கும் பவர் ஸ்டியரிங் வரவில்லை. கேட்டவர்களுக்குச் சேர்த்துக் கொடுத்தார்கள். இதுபோன்ற பழைய வண்டிகளில் எஞ்சின் சுற்றும்போது பம்ப் ஒயிலை அழுத்தி அனுப்பும். வால்வு அதை வலப்பக்கமோ இடப்பக்கமோ திருப்பிவிடும். சிலிண்டருக்குள் இருக்கும் தண்டு நகர்ந்து சில்லைத் திருப்பும். வேலை முடிந்த ஒயில் வேறு ஹோஸ் வழியாக டேங்குக்குத் திரும்பும்.

இடத்தைக் கண்டுபிடித்தல்

அழுக்கு வண்டியில் கசிவு தெரியாது. ஒயில் மேலிருந்து வழிந்து கீழே சொட்டும். சொட்டும் இடத்தைப் பார்த்து “இங்கதான் லீக்” என்று சொல்லிவிடக் கூடாது. பம்ப், ஹோஸ், சிலிண்டர் எல்லாவற்றையும் கழுவித் துடைத்துக் காய விடுங்கள். சமதரையில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, பின் சில்லுகளுக்குக் கட்டை வையுங்கள். எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு, ஒருவர் ஸ்டியரிங்கை இரு பக்கமும் திருப்பட்டும். மற்றவர் தள்ளி நின்று, டோர்ச் அடித்து, மேலிருந்து கீழாகப் பார்க்கட்டும். முதலில் ஈரமாகும் இடமே பழுதான இடம்.

கையை வைக்காதீர்கள்!

ஊசித்துளை அளவு ஓட்டையிலிருந்து பீறிடும் ஒயில் கண்ணுக்கே தெரியாது. சதுர அங்குலத்துக்கு 100 இறாத்தல் அழுத்தம் இருந்தாலே அது தோலைத் துளைக்கலாம். ஸ்டியரிங் ஹோஸில் இருப்பது அதைவிடப் பல மடங்கு. சந்தேகமான இடத்தில் ஒரு காட்போட் மட்டையைப் பிடித்துப் பாருங்கள். கையால் தடவ வேண்டாம். ஒயில் உள்ளே ஏறினால் முதலில் முள் குத்தினதுபோல்தான் இருக்கும், வலியும் பெரிதாகத் தெரியாது. சில மணித்தியாலத்தில் விரலோ கையோ போகலாம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போய், “அழுத்தத்தில் ஒயில் உள்ளே ஏறிவிட்டது” என்று டொக்டரிடம் சொல்லுங்கள். வீட்டில் இருப்பவர்களும் இதைத் தெரிந்திருக்க வேண்டும்.

பழுது பார்த்தல்

எஞ்சினை நிறுத்தி, ஸ்டியரிங்கை இரு பக்கமும் சில தடவை திருப்பி அழுத்தத்தை இறக்கிய பிறகே நட்டைத் தொடுங்கள்.

1. ஹோஸ்: வெடிப்பு, வீக்கம், உராய்ந்த தழும்பு இருந்தால் மாற்றுங்கள். டியூப் ரப்பரைச் சுற்றிக் கம்பியால் கட்டுவது நிற்காது. பழையதையே கடைக்குக் கொண்டுபோய், அதே நீளத்தில், அதே அழுத்தம் தாங்கும் ஹோஸ் வாங்குங்கள். உராயும் இடத்தை விட்டு விலக்கிக் கட்டுங்கள்.

2. மூட்டு: நட்டை அளவோடு இறுக்கிப் பாருங்கள். மேலும் மேலும் இறுக்கினால் உட்காரும் இடம் வெடிக்கும். செப்பு வொஷர், ஓ ரிங் இருந்தால் புதிதாகப் போடுங்கள். வெள்ளை டேப் சுற்றாதீர்கள். அதன் துண்டு வால்வுக்குள் போய் அடைக்கும்.

3. சிலிண்டர்: தண்டு வெளியே வரும் இடத்தில் ஒழுகினால் சீல் தேய்ந்திருக்கும். சீல் மாற்றுமுன் தண்டைப் பாருங்கள். துரு பிடித்து, குழி விழுந்திருந்தால் புதுச் சீலும் சில நாளில் கிழியும். தண்டையும் சரிசெய்ய வேண்டும். சீலின் உதடு ஒயில் இருக்கும் பக்கம் பார்க்கட்டும். மரைமேல் டேப் சுற்றி, ஒயில் தடவி ஏற்றினால் உதடு வெட்டுப்படாது.

4. பம்ப்: வெளியே ஒரு சொட்டும் இல்லை, ஆனால் டேங்க் குறைகிறதா? எஞ்சின் கியரோடு நேராகப் பூட்டிய பம்ப் என்றால் எஞ்சின் ஒயில் அளவைப் பாருங்கள். அது ஏறியிருந்தால், பம்ப் தண்டின் சீல் வழியாக ஒயில் எஞ்சினுக்குள் போகிறது. சீலை மாற்றி, எஞ்சின் ஒயிலையும் மாற்றுங்கள்.

காற்றை வெளியேற்றுதல்

அந்த மாடலின் புத்தகத்தில் சொன்ன ஒயிலையே ஊற்றுங்கள். பிரேக் ஒயில் ஊற்றினால் சீல் எல்லாம் ஊதிக் கெட்டுவிடும். முன் பக்கத்தை ஜெக்கில் தூக்கி, அச்சின்கீழ் பலமான தாங்கி வையுங்கள். ஜெக்கை மட்டும் நம்பக் கூடாது. எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு, ஸ்டியரிங்கை ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு ஐந்தாறு தடவை நிதானமாகத் திருப்புங்கள். முனையில் அழுத்திப் பிடித்துக்கொண்டே இருந்தால் ஒயில் சூடேறும். டேங்கில் நுரை வந்தால் காற்று இன்னும் இருக்கிறது. நிறுத்தி, அடங்கவிட்டு, ஒயில் அளவைப் பார்த்து மீண்டும் செய்யுங்கள்.

வடித்த ஒயிலைக் கானிலோ ஓடையிலோ ஊற்றாதீர்கள். அந்தத் தண்ணீரைக் கீழ் லயத்துப் பிள்ளைகள் குடிக்கலாம். கேனில் சேர்த்து வேர்க்‌ஷொப்பில் ஒப்படையுங்கள்.

காலையில் வண்டி எடுக்குமுன்

• நின்ற இடத்தில் தரையில் ஒயில் கறை உண்டா?
• டேங்கில் ஒயில் குறியளவு இருக்கிறதா?
• ஸ்டியரிங் இரு பக்கமும் ஒரே மாதிரி லேசாகத் திரும்புகிறதா?

ஒன்றாவது சரியில்லை என்றால் வண்டியை எடுக்க வேண்டாம். “இன்னைக்கு ஒரு நடை மட்டும்” என்று யார் சொன்னாலும், பழுதை மேலதிகாரியிடம் சொல்லிப் பதிய வையுங்கள். கொழுந்தை வேறு வண்டியில் ஏற்றலாம். வளைவில் பள்ளத்துக்குப் போன வண்டியை, அதில் போன ஆளோடு திருப்பிக் கொண்டுவர முடியாது.