வலிக்காத பக்கம்

அன்புள்ள மலருக்கு,

பத்து நாளாகக் கண் முன்னால் பூச்சி பறக்கிறது, கூடவே தலைவலி என்று எழுதியிருக்கிறாய். இரண்டும் சேர்ந்து வந்ததால் வேர் ஒன்றுதான், அது மூளையில்தான் இருக்கும் என்று தீர்ப்பையும் நீயே எழுதிவிட்டு, தலைக்கு ஸ்கேன் எடுக்கலாமா என்று கேட்கிறாய். நீ போட்ட முடிச்சை முதலில் அவிழ்த்துவிடுகிறேன். பெரும்பாலானவர்களுக்கு இவை தனித்தனிக் கதைகள். உன்னைப் போல மைனஸ் ஏழு பவர் உள்ளவர்களோ, தலையை விட்டுவிட்டு வலிக்காத கண்ணைத்தான் முதலில் காட்ட வேண்டும்.

கண்ணுக்குள்ளே லென்சுக்கும் விழித்திரைக்கும் நடுவில், இளநுங்கு மாதிரி ஒரு ஜெல் நிறைந்திருக்கிறது. 100க்கு 98 பங்குக்கு மேல் தண்ணீர். மிச்சத்தில் மெல்லிய கொலாஜன் இழைகள். வருஷம் ஏற ஏற ஜெல் நீர்த்துப்போகும், இழைகள் திரிதிரியாகச் சேரும். அந்தத் திரிகளின் நிழல் விழித்திரையில் விழுவதைத்தான் நீ பூச்சியாகப் பார்க்கிறாய். லத்தீனில் மருத்துவர்கள் வைத்த பெயருக்கும் பறக்கும் ஈக்கள் என்றுதான் பொருள். இதுவரை பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் ஐம்பது அறுபது வயதில் இந்த ஜெல் சுருங்கி விழித்திரையை விட்டுக் கழன்றுகொள்ளும். மைனஸ் பவர் அதிகம் உள்ளவர்களுக்கு இது முன்னதாகவே நடக்கும். அவர்களுடைய கண் உருண்டை நீளமாக வளர்ந்திருப்பதால் விழித்திரையும் இழுபட்டு மெலிந்திருக்கும். கழலும் ஜெல் எங்காவது கெட்டியாக ஒட்டியிருந்தால், போகிற போக்கில் விழித்திரையின் ஓரத்தைக் கிழித்துவிடும். ஜெல் இப்படிக் கழன்றதால் புதிதாகப் பூச்சியும் மின்னலும் தெரிகிறது என்று வருகிற 100 பேரில் 10 முதல் 15 பேருக்குக் கிழிசல் இருக்கிறது. கிழிசல் வழியே நீர் இறங்கினால், மழைநீர் புகுந்த சுவரொட்டி பெயர்வது போல விழித்திரை பெயர்ந்து வரும். இத்தனை நடந்தும் வலி இருக்காது, ஏனென்றால் விழித்திரையில் வலியை உணரும் நரம்பே இல்லை. ஸ்விட்சர்லாந்தின் லோசான் நகரில் ஜூல் கோனின் என்ற மருத்துவர், இதற்கெல்லாம் மூலம் அந்தக் கிழிசல்தான் என்று காட்டிச் சூட்டுக்கோலால் அதை மூடத் தொடங்கியது 1920களை ஒட்டித்தான். அதுவரை விழித்திரை பெயர்ந்தால் அனேகமாகப் பார்வை போனது போனதுதான். இன்றைக்குக் கிழிசலோடு நிற்கும்போதே கண்டுபிடித்தால் லேசர் வைத்து அன்றே வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள்.

'அப்படியானால் இரண்டும் ஒரே வாரத்தில் எப்படி வந்தன?' என்று கேட்பாய். நியாயமான கேள்விதான். உன் மேஜையைப் பார். நாள் முழுக்க வெள்ளைத் திரையை, கண் கொட்டாமல் பார்க்கிறாய். கொட்டாத கண் உலர்ந்து உறுத்தும். பவர் மாறியிருந்தால் கண்ணை இடுக்கி இடுக்கி நெற்றியும் பிடரியும் இறுகும். சாயங்காலம் தலை வலிக்காமல் என்ன செய்யும்? அதே வெள்ளைத் திரைதான் பூச்சியை எடுத்துக்காட்டும் பின்புலமும். ஒன்று மற்றொன்றைப் பெற்றது என்று ஆகாது. வலிக்கு என்று மாத்திரை போட்டுக்கொள்கிறாய் அல்லவா, அதையும் எண்ணு. மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ சாதாரண வலி மாத்திரை போட்டுக்கொண்டே போனால், மாத்திரையே தலைவலியை வளர்க்கும்.

ஒற்றைத் தலைவலிக்காரர்களுக்குக் கண்ணில் ஏதேதோ தெரியுமே என்பது உன் அடுத்த வாதம். தெரியும், ஆனால் அது பூச்சி அல்ல. 1870இல் ஹியூபர்ட் ஏரி என்ற ஆங்கிலேய மருத்துவர் தனக்கு வந்ததைத் தானே வரைந்து வெளியிட்டார்: கோட்டை மதில் போல வளைந்து வளைந்து மினுங்கும் கோடு. அது சிறிதாகத் தொடங்கி மெல்ல விரிந்து, 5 நிமிஷத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் மறையும். பல பேருக்குப் பின்னாலேயே வலி வரும். மூளையில் உண்டாவதால் எந்தக் கண்ணைப் பொத்தினாலும் தெரியும், இரண்டையும் மூடினாலும் தெரியும். பூச்சியோ கண்ணைத் திருப்பினால் கூடவே ஓடி, பிறகு தயங்கித் தயங்கி மிதக்கும். அது இருக்கும் கண்ணைப் பொத்தினால் காணாமல் போகும். இந்தச் சோதனைக்கு உன் உள்ளங்கை போதும். நாளைக் காலையில் வெள்ளைச் சுவரைப் பார்த்து ஒவ்வொரு கண்ணாகப் பொத்திப் பார்.

இரண்டும் உண்மையிலேயே ஒரே வேரிலிருந்து வருவதும் உண்டு என்பதை நான் மறைக்கவில்லை. கண்ணின் உள்பகுதி அழன்றால் அந்த அழற்சியின் செல்களே பூச்சியாக மிதக்கும். கண் சிவந்து, வெளிச்சம் கூசி, புருவத்தைச் சுற்றி வலிக்கும். மண்டைக்குள் அழுத்தம் கூடினால் தலைவலியோடு, குனிந்து நிமிரும்போது சில நொடி பார்வை மங்கும், காதில் நாடித் துடிப்போடு சேர்ந்து இரைச்சல் கேட்கும். அது உடல் எடை கூடிய இளம் பெண்களுக்கு அதிகம் வருவது. முகப்பருவுக்குத் தரும் டாக்சிசைக்ளின் போன்ற மாத்திரைகளாலும், வைட்டமின் ஏ அளவு மீறினாலும் வரும். நீ பருவுக்கு ஏதாவது சாப்பிட்டால் அந்த அட்டையையும் எடுத்துக்கொண்டு போ. இங்கேயும் கவனித்தாயா, கண்ணுக்குள் எட்டிப் பார்த்துத்தான் துப்புக் கிடைக்கிறது: அழுத்தம் கூடினால் பார்வை நரம்பின் தலை வீங்கியிருப்பதை முதலில் பார்ப்பவர் பெரும்பாலும் கண் மருத்துவர்தான்.

ஸ்கேன் எடுத்தால் எல்லாம் தெரிந்துவிடாதா என்றால், விழித்திரை ஓரத்துச் சின்னக் கிழிசல் மூளை ஸ்கேனில் தெரியாது. 'எல்லாம் சரி' என்ற ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு நீ நிம்மதியாகத் தூங்குவாய், அதுதான் கெடுதல். கண்ணாடிக் கடையில் எழுத்தெல்லாம் சரியாகப் படித்தேன் என்று சொல்லியிருக்கிறாய். எழுத்துப் பலகை சோதிப்பது நடுப்பார்வையை. கிழிசல் விழுவதோ ஓரத்தில். சொட்டு மருந்து விட்டுப் பாவையை விரித்து, ஓரம் வரை பார்க்கிற மருத்துவரிடம்தான் போக வேண்டும். லேசர் செய்து கண்ணாடியைக் கழற்றிவிட்ட உன் தோழிக்கும் இதைச் சொல். அந்தச் சிகிச்சை கருவிழியைத்தான் செதுக்குகிறது, கண் உருண்டையின் நீளம் அப்படியேதான் இருக்கும்.

இரண்டொரு நாளுக்குள் போய்விடு. அதற்குள் பூச்சிகள் திடீரென்று மழையாகக் கொட்டினாலும், இருட்டில் ஓரமாக மின்னல் வெட்டினாலும், ஒரு பக்கத்திலிருந்து திரை இறங்குவது போலிருந்தாலும் அன்றைக்கே போக வேண்டும், ஞாயிற்றுக்கிழமையானாலும் சரி. நொடியில் உச்சத்துக்கு ஏறும் தலைவலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, வாய் குழறல், கை கால் தளர்ச்சி என்றால் கண் ஆஸ்பத்திரிக்கு அல்ல, அவசரப் பிரிவுக்கு. ஜெல் கழன்றிருக்கிறது, கிழிசல் இல்லை என்று சொன்னாலும், சில வாரம் கழித்து வரச் சொல்வார்கள். அந்தத் தேதியை விட்டுவிடாதே, பின்னால் கிழிவதும் உண்டு. சொட்டு மருந்து விட்டால் நாலைந்து மணி நேரம் எல்லாம் மங்கலாகவும் கூச்சமாகவும் இருக்கும். ஸ்கூட்டியில் போகாதே, ஆட்டோவில் போ, கூலிங் கிளாஸை மறக்காதே.

அன்புடன்,
பெரியம்மா