பசி தீர்ந்த பின்னும் தீராத பசி

வயிறு நிறைந்த பின்னும் கை உணவை நாடுகிறது. பிறர் காணாத வேளையில், வயிறு கனத்து வலிக்கும்வரை ஒருவர் வேகவேகமாக உண்கிறார். உண்டு முடித்ததும் வெட்கமும் தன்மீதே வெறுப்பும் அவரை வாட்டுகின்றன. 'நாக்குக்கு அடிமை' என்று உலகம் அவரைப் பழிக்கிறது. அவரும் அதையே நம்பிவிடுகிறார். ஆனால் உண்மை அவ்வளவு எளியதன்று.

அமெரிக்க மனநல மருத்துவரான ஆல்பர்ட் ஸ்டன்கார்டு 1959-இல் இத்தகைய உண்ணும் முறையை விவரித்தார். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013-இல் இதைத் தனியொரு நோயாக ஏற்றது. வாரம் ஒருமுறையேனும், மூன்று மாத காலம், தன்வசமிழந்து மிகையாக உண்பது இதன் முக்கிய அடையாளம்.

இதற்குக் காரணம் ஒன்றல்ல. பரம்பரை இயல்பு, மூளையில் இன்ப உணர்வை இயக்கும் அமைப்பு, இளமையில் பட்ட துன்பம், உடற்பருமனைக் குறித்த கேலி, ஆற்ற வழியறியாத கவலை, தனிமை ஆகியவை இதில் பங்கு கொள்கின்றன. இவற்றோடு பலர் எண்ணிப் பாராத மற்றொரு காரணமும் உண்டு. அது கடுமையான உணவு மறுப்பு.

1944-இல் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் ஓர் ஆய்வைத் தொடங்கினார். உடல்நலமும் மனவுறுதியும் மிக்க 36 இளைஞர்கள் தாமே முன்வந்து 24 வாரங்கள் அரைவயிற்று உணவில் வாழ்ந்தனர். அவர்களுடைய சிந்தனை முழுவதையும் உணவே ஆக்கிரமித்தது; சிலர் சமையல் நூல்களைச் சேகரிக்கத் தொடங்கினர். கட்டுப்பாடு நீங்கிய பின்னர், வயிறு நிரம்பியும் பசி அடங்காமல் சிலர் உண்டுகொண்டே இருந்தனர். மனவுறுதி குன்றியவர்கள் அல்லர் அவர்கள். பட்டினி கிடந்த உடல் தன்னைக் காத்துக்கொள்ள முனைந்தது.

'நேற்று மிகுதியாக உண்டேன். இன்று பட்டினி கிடப்பேன்' என்று தன்னைத் தண்டிப்பவர் அடுத்த மிகையுணவுக்கே வித்திடுகிறார். உபவாசம் என்ற சொல்லின் பொருள் 'அருகில் வசித்தல்'. தன்வெறுப்பினால் மேற்கொள்ளும் பட்டினி உபவாசமாகாது.

எனவே இத்துன்பம் உடையவர் முதலில் வேளை தவறாமல், அளவோடு உண்ணப் பழக வேண்டும். வெட்கத்தை ஒதுக்கி மனநல மருத்துவரை நாட வேண்டும். எண்ணங்களையும் பழக்கங்களையும் படிப்படியாகச் சீர்செய்யும் உளவியல் சிகிச்சை பலருக்கு நற்பயன் தந்துள்ளது. உடனிருப்போர் அவருடைய இலையை அளவெடுக்காமல், அவருடைய மனச்சுமையைக் கேட்டறிய வேண்டும். அன்போடு நடத்தப்படும் மனமே அடக்கத்தை எளிதில் கற்கும்.