அந்த மினுக்கும் பேய்களைப் பற்றி

அன்புள்ள வாசகருக்கு,

அடாரி 2600இல் வந்த பேக்-மேனை எமுலேட்டரில் ஆடிப் பார்த்துவிட்டு, "இதையா அத்தனை பேர் காசு கொடுத்து வாங்கினார்கள்?" என்று கேட்டிருக்கிறீர்கள். ஆமாம், வாங்கினார்கள், 70 லட்சத்துக்கும் மேல். அந்த கன்சோலுக்கு வந்த ஆட்டங்களிலேயே அதிகம் விற்றது இதுதான். உங்கள் கடிதத்தைச் சாக்காக வைத்துக்கொண்டு நானும் மறுபடி ஆடிப் பார்த்தேன்.

உங்கள் அதிர்ச்சி புரிகிறது. தொண்ணூறுகளில் நம் ஊர்க் கடைகளில் கிடைத்த மலிவு டிவி வீடியோ கேம்களில், ஒரே கேசட்டில் நூறு ஆட்டம் என்று வந்தவற்றில் பேக்-மேனைப் பார்த்திருப்பீர்கள். அது நின்டெண்டோவின் ஃபேமிகாமுக்காக 1984இல் எழுதப்பட்ட பதிப்பின் நகல். அசலுக்கு நெருக்கமானது. அடாரி பதிப்பு 1982 மார்ச்சில் வந்தது. அது ஓடிய கன்சோலோ 1977இல் பிறந்தது. பேக்-மேன் என்ற ஆர்க்கேட் ஆட்டமே 1980இல்தான் வந்தது. நாம்கோ நிறுவனத்தில் டோரு இவாதானி உருவாக்கியது. ஆக, தான் பிறந்தபோது உலகத்தில் இல்லாத ஓர் ஆட்டத்தை அந்த கன்சோல் ஓட்ட வேண்டியிருந்தது.

அதன் உள்ளே என்ன இருந்தது என்று தெரிந்தால் கொஞ்சம் இரக்கம் வரும். மொத்த ரேம் 128 பைட். திரையில் தெரியும் படத்தைச் சேமித்துவைக்கத் தனி நினைவகமே கிடையாது. டிவியின் கதிர் ஒவ்வொரு கோடாக இறங்கும்போது, அந்தக் கோட்டில் என்ன தெரிய வேண்டும் என்று நிரல் அப்போதைக்கப்போது சொல்லிக்கொண்டே ஓட வேண்டும். நகரும் உருவங்களுக்கு ஸ்பிரைட் இரண்டே இரண்டு. கூடவே இரண்டு குண்டு, ஒரு பந்து. எதிரெதிரே இரண்டு டாங்கிகள் சுட்டுக்கொள்ளவும் பந்தடிக்கவும் இது தாராளம். பேக்-மேனுக்கோ ஒரு நாயகனும் நான்கு பேய்களும் வேண்டும்.

நிரல் எழுதிய டாட் ஃப்ரை ஒரு ஸ்பிரைட்டை நாயகனுக்குக் கொடுத்துவிட்டு, மற்றதை நான்கு பேய்களுக்கும் முறை வைத்துப் பங்கிட்டார். நொடிக்கு 60 முறை திரை புதுப்பிக்கப்படுகிறது என்றால், ஒரு பேய் அதில் 15 முறைதான் தெரியும். நீங்கள் கண்ணைக் கசக்கிய அந்த மினுக்கல் இதுதான். சுவரும் தின்னும் புள்ளிகளும் ஒரே பின்னணிச் சுற்றில் வரைந்தவை. அதனால்தான் இரண்டும் ஒரே நிறம், புள்ளி வட்டமாக இல்லாமல் சிறு கோடாக நீண்டிருக்கிறது. அந்தக் கோடுகளுக்கு அடாரி 'வீடியோ வேஃபர்' என்று பெயர் சூட்டி வேறு விற்றது! பழக்கொத்து இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சதுரம். அதற்குப் பெயர் 'வைட்டமின்'.

மினுக்கலை நான் மன்னித்துவிடுவேன். பழைய பிக்சர் டியூப் டிவியில் ஒளி சற்றுத் தங்கி மறைவதால் அது இவ்வளவு உறுத்தாது. எனக்கு ஆறாத குறை வேறு.

அசல் ஆட்டத்தில் நான்கு பேய்களுக்கும் நான்கு குணம். சிவப்புப் பேய் நீங்கள் நிற்கும் கட்டத்தையே குறிவைத்துத் துரத்தும். இளஞ்சிவப்பு, நீங்கள் போகும் திசையில் நான்கு கட்டம் முன்னால் போய் மறிக்கப் பார்க்கும். ஆரஞ்சு, எட்டுக் கட்டத்துக்கு அப்பால் இருக்கும்வரை பாய்ந்து வரும். நெருங்கியதும் தன் மூலைக்கு ஒதுங்கிவிடும். நீலத்தின் கணக்கு சிவப்பு எங்கே இருக்கிறது என்பதையும் பொறுத்தது. நடுநடுவே நான்கும் சில நொடிகள் துரத்தலை விட்டுவிட்டு மூலைக்கு மூலை கலைந்துபோகும். உங்களுக்கு மூச்சுவிட நேரம் கிடைக்கும். போதாக்குறைக்கு, புள்ளி தின்னும்போது நாயகனின் வேகம் துளி குறையும். புள்ளி நிறைந்த பாதையில் பேய் நெருங்கும், காலிப் பாதையில் விலகும். எந்த நிறம் எங்கே இருக்கிறது என்று பார்த்து, எந்தச் சந்தில் நுழைவது என்று முடிவெடுப்பதுதான் பேக்-மேன்.

அடாரியில் எந்தப் பேய் எதுவென்று அடையாளமே தெரியவில்லை. எல்லாம் வெளிறிய ஒரே சாயல். பிரித்தறிய முடியாத எதிரியிடம் வியூகம் எதற்கு? கண்ணுக்குத் தெரிந்த பக்கம் ஓட வேண்டியதுதான். போதாததற்கு அந்தச் சத்தம். ஆர்க்கேடில் 'வக்கா வக்கா' என்று தாளமாக வருவது, இங்கே ஒவ்வொரு கோட்டுக்கும் தகரத்தைத் தட்டுவது போல விழுகிறது. நாயகனுக்குக் கண் வைத்தார்கள், சரி. மேலே ஏறினாலும் கீழே இறங்கினாலும் அவன் முகம் பக்கவாட்டிலேயே நிற்கிறது. பக்கவாட்டுச் சுரங்கம் மேலும் கீழுமாக இடம் மாறிவிட்டது.

இதற்கெல்லாம் ஃப்ரையைத் திட்டுபவர்கள் இன்றும் உண்டு. பழி ஓரிடம், பாவம் ஓரிடம். முழு ஆட்டமும் 4 கிலோபைட் கார்ட்ரிட்ஜில் அடங்க வேண்டும். அதற்குள் இருவர் மாறி மாறி ஆடும் வசதியும் உண்டு. யார் எந்தக் கோட்டைத் தின்றார் என்பதையெல்லாம் அந்த 128 பைட்டுக்குள் நினைவில் வைக்க வேண்டும். அப்போதே 8 கிலோபைட் கார்ட்ரிட்ஜ் இருந்தது. 1981இல் அடாரி தன் ஆஸ்டிராய்ட்ஸை அதில்தான் வெளியிட்டது. 1982இன் மிகப் பெரிய ஆட்டத்துக்கு அந்த இடத்தைக் கொடுக்காத முடிவைத்தான் நான் குறை சொல்வேன். விளம்பரத்துக்கு மட்டும் குறைச்சல் இல்லை. 1982 ஏப்ரல் 3ஆம் தேதியை 'தேசிய பேக்-மேன் தினம்' என்று அறிவித்துக் கொண்டாடினார்கள்.

மறு ஆண்டே 8 கிலோபைட்டில் மிஸ் பேக்-மேன் வந்தது. அதே கன்சோல், அதே இரண்டு ஸ்பிரைட். பேய்களை நிறம் பார்த்துப் பிரித்தறியலாம், மினுக்கல் வெகுவாகக் குறைந்திருக்கிறது, பழங்கள் திரையில் உலாவுகின்றன, நான்கு விதப் புதிர்ப்பாதைகள் இருக்கின்றன. கன்சோலால் முடியாது என்ற வாதம் அதோடு முடிந்துபோகிறது. பிற்காலத்தில் ஆர்வலர்கள் அதே 4 கிலோபைட்டுக்குள்ளேயே அசலுக்கு நெருக்கமான பேக்-மேனை எழுதியும் காட்டினார்கள். இத்தனை ஆண்டுகள் சேர்ந்த நுட்பம் கையில் இருந்ததால் அது கைகூடியது. 1982இல் ஃப்ரையிடம் அதை எதிர்பார்ப்பது நியாயமில்லை.

1983இல் அமெரிக்க வீடியோ கேம் சந்தை சரிந்ததற்கே இந்த ஆட்டம்தான் காரணம் என்று படித்ததாகவும் எழுதியிருக்கிறீர்கள். அது மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுகிற கதை. ஏமாந்த ஆத்திரம் வாங்கியவர்களுக்கு இருந்தது உண்மை. ஆனால் கடைகளில் தரமில்லாத ஆட்டங்கள் குவிந்தன, கன்சோல்கள் ஒன்றோடொன்று மோதின, வீட்டுக் கணினிகளின் விலை சரிந்தது. இத்தனையும் சேர்ந்துதான் சந்தை விழுந்தது.

நீங்கள் ஸ்டெல்லா எமுலேட்டரில் ஆடுவதாகச் சொன்னீர்கள். அதன் அமைப்புகளில் 'ஃபாஸ்பர்' என்று ஒன்று இருக்கும், அதை ஆன் செய்யுங்கள். பழைய டிவியின் ஒளித்தேக்கம் வந்து மினுக்கல் தணியும். முதலில் மிஸ் பேக்-மேனை ஒரு வாரம் ஆடுங்கள், பிறகு இதற்கு வாருங்கள். இதில் ஒரு கோட்டைத் தின்றால் ஸ்கோர் ஒன்றுதான் கூடும், அசலில் பத்து. ஸ்கோரை ஒப்பிடும்போது அதையும் கணக்கில் வைத்துக்கொண்டு, எவ்வளவு எடுத்தீர்கள் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளன்