வீட்டுக் கம்ப்யூட்டருக்கு என்ன பெயர் வைக்கலாம்?

வடபழனியில் ஆற்காடு சாலையை ஒட்டிய குடியிருப்புகளில் வீட்டிலேயே எடிட்டிங், சவுண்ட் வேலை பார்ப்பவர்கள் உண்டு. டெஸ்க்டாப், லேப்டாப், ஃபுட்டேஜ் சேமிக்கும் நெட்வொர்க் டிஸ்க் எல்லாம் ஒரே வைஃபையில் இருக்கும். இவை ஒன்றையொன்று பெயர் சொல்லி அழைக்கக் காசு கொடுத்து டொமைன் வாங்க வேண்டியதில்லை. பெயருக்குப் பின்னால் வரும் வாலை மட்டும் யோசித்து வைத்தால் போதும்.

பெரும்பாலான வீடுகளுக்கு டாட் லோக்கல்தான் சரி. ‘தவில் டாட் லோக்கல்’ என்று டைப் செய்தால், “தவில் யார்?” என்ற கேள்வி வைஃபை முழுக்கப் போகும், தவில் என்ற மெஷினே “நான்தான்” என்று தன் முகவரியைச் சொல்லிவிடும். நடுவில் சர்வர் எதுவும் இல்லை. 2013-இல் தரப்படுத்தப்பட்ட இந்த முறை மேக், லினக்ஸ், விண்டோஸ் 10 எல்லாவற்றிலும் ஓடுகிறது. ஆனால் மாடி அறைக்குத் தனி ரவுட்டர் போட்டுத் தனி நெட்வொர்க் ஆக்கியிருந்தால், அந்தக் கேள்வி அங்கே எட்டாது.

அப்படிப்பட்ட வீட்டுக்கு ஹோம் டாட் ஆர்ப்பா. வீட்டு நெட்வொர்க்குகளுக்கென்றே 2018-இல் ஒதுக்கிய வால் இது. பெயர்ப் பட்டியலை ரவுட்டரிலோ, ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கம்ப்யூட்டரில் பை-ஹோல் என்ற மென்பொருளைப் போட்டோ நாமே வைத்துக்கொள்ள வேண்டும். டாட் இன்டர்னலுக்கும் இதே ஏற்பாடுதான்; டொமைன் பெயர்களை நிர்வகிக்கும் ஐகேன் அதைத் தனியார் பயன்பாட்டுக்கென ஒதுக்கியது 2024 ஜூலையில்.

சொந்தமாக ஒரு வாலை மட்டும் கற்பனை செய்யாதீர்கள். டாட் டெவ் யாருக்கும் சொந்தமில்லை என்று நம்பிப் பல புரோகிராமர்கள் தங்கள் மெஷினில் வைத்திருந்தார்கள். அது கூகுள் கைக்குப் போனது. 2017 டிசம்பரில் குரோம் அந்த வாலுக்கு ஹெச்டிடிபிஎஸ்ஸைக் கட்டாயமாக்கியதும், அவர்களுடைய பக்கங்கள் திறக்கவில்லை.

வெளியூரிலிருந்து வீட்டு டிஸ்க்கைத் திறக்க வேண்டுமா? பிரவுசர் எச்சரிக்கையே காட்டக் கூடாதா? டாட் லோக்கல், ஹோம் டாட் ஆர்ப்பா, டாட் இன்டர்னல் எதற்கும் பிரவுசர் நம்பும் பொதுச் சான்றிதழ் கிடைக்காது. அப்போது ஒரு டாட் இன் பெயரை வாங்கிவிடுவதே மேல்.

இனி, பெயர். ஆங்கில எழுத்து, எண், நடுவில் ஹைஃபன் இவை மட்டும், அண்டர்ஸ்கோர் வேண்டாம். விண்டோஸுக்காக 15 எழுத்துக்குள் முடியுங்கள். உங்கள் சொந்தப் பெயர் கூடாது. மால் வைஃபையில் சேரும்போது லேப்டாப் பெரும்பாலும் தன் பெயரையும் அந்த ரவுட்டரிடம் சொல்லிவிடும். படத்தின் பெயரும் கூடாது. படம் ரிலீஸ் ஆன பிறகும் மெஷின் இருக்கும். தவில், கடம், மோர்சிங் என்று ஒரே குடும்பத்திலிருந்து எடுத்தால் அடுத்த மெஷினுக்கும் பெயர் தயார்.

எடிட்டிங் நடுவில் மட்டும் டிஸ்க்கின் பெயரை மாற்றாதீர்கள். அந்தப் பெயர் வழியாக இணைத்த கிளிப் எல்லாம் ஆஃப்லைன் என்று சிவப்பாகிவிடும். அடுத்த ப்ராஜெக்ட் தொடங்குவதற்கு முன் மாற்றிவிடுங்கள்.