மைனஸ் பத்தில் வெளியே உட்காரலாமா?

"சிவில்தானே படிக்கிற தம்பி, வீட்டுப் பின்னாடி டெக் ஒண்ணு போடணும், டிசைன் பண்ணிக் கொடேன்." டொராண்டோவில் சொந்தக்காரங்க இருக்கிற சிவில் பசங்களுக்கு இப்படி ஒரு கால் எப்ப வேணா வரலாம். ஸ்கார்பரோ பக்கம் நம்ம ஆட்கள் அவ்வளவு பேர். டெக்னா பெருசா ஒண்ணும் இல்ல, கொல்லைப்புறத்துல மரப்பலகையில் போடுற மேடைதான். ஆனா குளிர்லயும் அதுல உட்காரணும்னா எல்லாரும் முதல்ல ஹீட்டர் விலையைத் தேடுறாங்க. என்னைக் கேட்டா ஹீட்டர் கடைசி. முதல்ல மண்ணைப் பாருங்க.

நம்ம ஊர்ல மண்ணோட தாங்கு திறனைப் பார்த்து அஸ்திவாரம் போடுறோம். அங்க கூடுதலா ஒரு கேள்வி உண்டு: குளிர்காலத்துல தரை எவ்வளவு ஆழத்துக்கு உறையும்? டொராண்டோவுக்கு வழக்கமா 1.2 மீட்டர்னு எடுத்துக்கிறாங்க. தூணோட அடி அதுக்கும் கீழே போகணும். தண்ணி ஐஸ் ஆனா 9 சதவீதம் விரியும்னு ஸ்கூல்லயே படிச்சோம். தூணைத் தூக்குறது அது மட்டும் இல்ல. சில்ட் மாதிரி நுண்ணிய மண்ணுல, கீழே உறையாத தண்ணி கேப்பிலரி மூலமா மேல ஏறிக்கிட்டே இருக்கும். உறையும் இடத்துல அது அடுக்கடுக்கா ஐஸா வளர்ந்து தரையையே மேல தள்ளும். இதுதான் ஃப்ராஸ்ட் ஹீவ். வீட்டு அஸ்திவாரம் ஆழத்துல இருக்கிறதால அசையாது, ஆழமில்லாத டெக் தூண் மட்டும் எழும்பும். அப்போ சுவரோட டெக்கைப் பிணைச்ச இடம் அடி வாங்கும். உறைஞ்ச மண் தூணோட பக்கவாட்டையும் பிடிச்சு இழுக்கும். அதனாலதான் குழியில நேரா கான்கிரீட் கொட்டாம, வழவழப்பான அட்டைக் குழாய் இறக்கி அதுக்குள்ள ஊத்துறாங்க.

பனியோட எடையும் உண்டு. 4 × 3 மீட்டர் டெக் மேல, இறுகிப்போன பனி அரை மீட்டர் நின்னா, கன மீட்டருக்கு 200 கிலோன்னு வச்சாலே 1,200 கிலோ. ஒரு காரை ஏத்தி நிறுத்தின மாதிரி.

அடுத்து காத்து. கனடாவோட விண்ட் சில் சூத்திரத்துல போட்டுப் பாருங்க: மைனஸ் 10 டிகிரியில் 30 கி.மீ. வேகக் காத்து அடிச்சா உடம்புக்கு மைனஸ் 20 மாதிரி இருக்கும். வேகத்தை 10 கி.மீ. ஆக்கினா மைனஸ் 15. கரண்ட் பில் இல்லாம 5 டிகிரி லாபம்! வடமேற்குப் பக்கம் இலை உதிராத சிடார் வேலி வைக்கலாம். முழுசா அடைச்ச சுவரைவிட கொஞ்சம் இடைவெளி விட்ட தடுப்பு நல்லது. சுவர்னா காத்து மேலேறி அந்தப் பக்கம் சுழிச்சு இறங்கும்.

வெயிலுக்கு டெக் தெற்குப் பக்கம் இருக்கணும். டிசம்பர் நடுப்பகல்ல அங்க சூரியன் வெறும் 23 டிகிரி உயரம், ஜூன்ல 70. அதனால 2.5 மீட்டர் உயரத்துல கூரை போட்டா, அதோட தெற்கு விளிம்புல இருந்து டிசம்பர் வெயில் கிட்டத்தட்ட 6 மீட்டர் உள்ளே வரும். ஜூன் வெயில் ஒரு மீட்டர்கூட வராது.

இவ்வளவும் செஞ்ச பிறகு ஹீட்டர். காத்தைச் சூடாக்குற வகை வெளியில வீண், சூடு பறந்துடும். இன்ஃப்ராரெட் வகை நேரா ஆளைச் சூடாக்கும். குளிருதேன்னு டெக்கைச் சுத்தி தார்ப்பாய் கட்டி, உள்ளே கேஸ் ஹீட்டரோ கரி அடுப்போ வைக்கிறது மட்டும் வேண்டவே வேண்டாம். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தலைவலி வரும், தூக்கம் வரும், அப்புறம் எழுந்திருக்கவே முடியாமப் போகலாம். அடைச்ச இடம்னா எலக்ட்ரிக் ஹீட்டர்தான்.